ஒயில் வடிக்கும் வால்வு: வாங்கும் முன் பைக்கின் அடிவயிற்றைப் பாருங்கள்

தலவாக்கலையிலிருந்து தினமும் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு பைக்கில் போய்வரும் ஆசிரியத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணே, என்னுடையது 150 சீசீ இந்திய பைக், எட்டு வருஷம் ஓடிவிட்டது. போன தடவை ஒயில் மாற்றியபோது டிரெயின் போல்ட் கடைசிச் சுற்றில் இறுகாமல் வழுக்கிக்கொண்டே போனது. போல்ட்டைக் கழற்றாமல், கையால் திருப்பினாலே ஒயில் வடிகிற வால்வு ஒன்று விற்கிறார்களாம். அதை வாங்கிப் பூட்டினால் தொல்லை தீருமா? நானே பூட்டலாமா?"

நீங்களே பூட்டலாம். ஆனால் தொல்லை தீராது. வழுக்குவது போல்ட் இல்லை தம்பி, எஞ்சினின் அடியில் உள்ள அலுமினியப் புரி, அதாவது போல்ட் சுழன்று ஏறுகிற திருகு வரி. வால்வும் அதே புரியில்தான் ஏற வேண்டும். பிடிப்பில்லாத புரியில், போல்ட்டைவிடப் பாரமாகவும் நீளமாகவும் இருக்கிற ஒரு சாமானைத் தொங்கவிட்டால், எஞ்சின் அதிர அதிர அது மிச்சமிருக்கும் புரியையும் தின்றுவிடும். முதலில் புரியைச் சரிசெய்ய வேண்டும். வால்வு அதற்குப் பிறகு, அதுவும் நீங்கள் ஓடுகிற பாதை இடம் கொடுத்தால்.

இந்தப் புரி ஏன் போகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். போல்ட் இரும்பு, எஞ்சின் உடம்பு அலுமினியம். ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் மென்மையானது தேயும். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, மூவாயிரத்துக்கு ஒரு முறை ஒயில் மாற்றினால், எட்டு வருஷத்தில் அந்தப் போல்ட் முப்பது தடவைக்கு மேல் திறந்து மூடப்பட்டிருக்கும். அதுவும் இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருக்கிற பைக்கையே எல்லோரும் தேய்த்தோம். கராஜ்களுக்கு வந்த பழைய எஞ்சின்களில் புரி போனவை கொஞ்சநஞ்சமில்லை.

தேய்மானத்தைவிடப் பெரிய எதிரி கைப்பலம். "ஒழுகக் கூடாது" என்று நீளமான ஸ்பேனரைப் போட்டு ஒரு கடைசி இழுப்பு இழுப்பார்கள் பாருங்கள், அதில்தான் புரி போகும். சின்ன ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றில் 12 மில்லிமீற்றர் டிரெயின் போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் சுமார் 24 நியூட்டன் மீற்றர்தான். 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ தொங்கினால் வருகிற விசை அது. ஒரு கையால் நிதானமாக இழுத்தால் போதும். கால் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற வேலையே இல்லை. ஒயிலை அடைப்பது புரி இல்லை, போல்ட் தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நசுங்குகிற வொஷர். பழைய வொஷரையே திரும்பத் திரும்பப் போடுவதும், அது அடைக்காதபோது இன்னும் இறுக்குவதும்தான் வழக்கம். செப்பு வொஷரின் விலையைப் பார்த்து மிச்சம்பிடித்தவர்கள் பிறகு லேத் கடையில் காசு கொடுக்கிறார்கள்.

சரி, புரியைத் திருத்த என்ன வழி? இரண்டு நல்ல வழி, ஒரு கெட்ட வழி. முதலாவது, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புதுப் புரி வெட்டி, உள்ளே ஓர் இரும்புப் புரியைப் பதிப்பது. சுருள் கம்பி மாதிரி வருவதை ஹெலிகொயில் என்பார்கள். லேத் பாஸ் கடைந்து கொடுக்கிற கெட்டியான புஷ், அதாவது புரியுள்ள சின்ன இரும்புக் குழல், இன்னும் நல்லது, அடிக்கடி திறந்து மூடுகிற இடத்துக்கு அதுதான் தாங்கும். அதன் பிறகு பழைய சைஸ் போல்ட்டே போகும், இரும்பில் இரும்பு ஏறுவதால் முன்பைவிட உறுதியாகவும் இருக்கும். இரண்டாவது, அடுத்த பெரிய சைஸுக்குப் புரி வெட்டி, உதாரணமாக 12க்குப் பதில் 14 மில்லிமீற்றர் போல்ட் போடுவது. துளையைச் சுற்றி அலுமினியம் போதிய தடிப்பாக இருந்தால் மட்டும் இது சரிவரும். கெட்ட வழி, தானே புரி வெட்டிக்கொண்டு ஏறும் தடித்த போல்ட். அது கோணலாக ஏறினால் வொஷர் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும், ஒழுகலும் நிற்காது.

எந்த வழியானாலும் புரி வெட்டும்போது அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் விழும். கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி வெட்டச் சொல்லுங்கள், தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மேலிருந்து கால் லீற்றர் ஒயிலை ஊற்றிக் கீழே வடியவிட்டால் மிச்சத் தூளும் வந்துவிடும். இதைச் செய்யாமல் "ஒண்ணும் ஆகாது" என்கிற பாஸிடம் பைக்கைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது வால்வுக்கு வருவோம். இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று கைப்பிடி வைத்தது. உள்ளே துளையுள்ள ஒரு பந்து, வெளியே சின்ன லீவர். லீவரை அதன் பள்ளத்திலிருந்து தூக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் ஒயில் வடியும். ஜப்பானின் ஃபுமோட்டோ இந்த வகையில் பேர் பெற்றது, உடம்பு பித்தளை. இன்னொன்று ஸ்பிரிங் அடைப்பு வைத்தது. ஜெர்மனியின் ஸ்டால்பஸ் அப்படிப்பட்டது. மூடியைக் கழற்றிவிட்டு, குழாய் பொருத்திய ஒரு முனையை அதில் பூட்டினால், அந்த முனை உள்ளே இருக்கிற அடைப்பைத் தள்ளித் திறக்கும். முனையைக் கழற்றினால் ஸ்பிரிங் தானாக மூடிக்கொள்ளும், அதற்கு மேல் மூடி. இரண்டு காவல். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் குறைவு. பைக்குக்கு எது என்று என்னைக் கேட்டால் இரண்டாவது ஜாதிதான். லீவர் வால்வு காருக்கு அருமையான சாமான், வேனுக்கும் லொறிக்கும் அதைவிட. பைக்கின் அடியில் தொங்க அது பிறக்கவில்லை.

நன்மை இல்லையா? இருக்கிறது. அலுமினியப் புரியைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டியதில்லை. இதுதான் உண்மையான லாபம். குழாயைப் போத்தலுக்குள் விட்டால் ஒரு சொட்டும் சிந்தாது. கொதிக்கிற ஒயில் முழங்கைவரை வழிகிற கதையும் இல்லை. நேரம் மிச்சம் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு லீற்றர் சொச்சம் ஒயில் பிடிக்கிற எஞ்சினில் போல்ட்டைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். வால்வின் துளை சின்னது, வடிய நேரம் கூட எடுக்கும். ஒயில் பில்டர் மாற்ற எப்படியும் ஸ்பேனரை எடுத்தாக வேண்டும்.

இனி நம்ம பாதை. தலவாக்கலை நகரத்தில் ஓடினால் ஒரு கணக்கு, பிரதான ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் வேறு கணக்கு. நடுவில் புல் முளைத்து இரண்டு பக்கமும் கல் தெறித்த பாதை, பாதி கொங்கிறீட் பாதி சேறு, கொழுந்து லொறி உழுத பள்ளம். இந்த ரக இந்திய பைக்குகளின் அடிவயிறு தரையிலிருந்து பெரும்பாலும் 160 மில்லிமீற்றர் அளவில்தான் நிற்கும். பின்னால் ஓராள் ஏறினால் அதுவும் குறையும். பல எஞ்சின்களில் டிரெயின் போல்ட் ஆகக் கீழேயுள்ள புள்ளியில்தான் இருக்கிறது, ஒயில் அங்கேதானே சேரும். அந்தப் புள்ளிக்கும் கீழே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டு ஒரு வால்வு இருந்தால், கல் முதலில் அதைத்தான் தேடி வரும்.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. என் பழைய பைக்கில் நானும் ஒரு லீவர் வால்வு பூட்டினேன். பூட்டிய அன்றைக்கு கராஜில் எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்து மூடிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து மாதம் ஒரு குறையுமில்லை. ஒரு மழைநாள், மஸ்கெலியாப் பக்கம் ஒரு டிவிஷனுக்குப் போய்த் திரும்புகையில், லயத்துக்குக் கீழே உள்ள வளைவில் சேற்றுக்குள் கிடந்த கல்லில் ஏறி இறங்கினேன். "டங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தேன், லீவர் அதன் பள்ளத்திலேயே இருந்தது. நல்லவேளை என்று கிளம்பினேன். நோர்வூட் வருமுன் சைலன்ஸரில் ஒயில் கருகும் மணம். வால்வு தாங்கிவிட்டது, அது பூட்டியிருந்த அலுமினியக் கழுத்துத்தான் மயிரிழைபோல வெடித்திருந்தது. போல்ட்டாக இருந்திருந்தால் அதன் தலை சப்பையாகியிருக்கும், ஒரு புதுப் போல்ட்டோடு போயிருக்கும். எனக்கோ எஞ்சினை இறக்கி, ஆர்கன் வெல்டிங் வைத்து, திரும்பவும் புரி வெட்ட வேண்டியதாயிற்று. வால்வு இன்னும் என்னிடம் ஒரு டின்னுக்குள் கிடக்கிறது, அதில் ஒரு கீறல்தான்.

அன்றைக்குக் கசிந்தது கொஞ்சம்தான். முழுதாகப் போயிருந்தால்? டிரெயின் துளைக்குப் பின்னால் நேராக வருவது பின் டயர். ரம்பொடை மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிற இடத்தில் பின் டயரில் ஒயில் பட்டால் பிரேக்கும் உதவாது, எஞ்சின் பிடிப்பும் உதவாது. இந்தப் பயத்தால்தான் பந்தய மைதானங்களில் டிரெயின் போல்ட்டைத் துளைத்துக் கம்பி போட்டுக் கட்டச் சொல்கிறார்கள். அதோடு, நம்ம சின்ன பைக்குகள் பலவற்றில் ஒயில் அழுத்தம் காட்டும் விளக்கும் கிடையாது. எஞ்சின் கடகடக்கும்போதுதான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்துப் பாருங்கள். (ஈரப் புல்லில் படுத்தால் எழும்பும்போது அட்டையோடுதான் எழும்புவீர்கள், முற்றத்துச் சீமெந்தில் படுங்கள்.) போல்ட் பக்கவாட்டில் பார்க்கிறதா, நேராகக் கீழே பார்க்கிறதா? அதைவிடத் தாழ்ந்த சைலன்ஸர் குழாயோ சட்டமோ முன்னால் மறைத்து நிற்கிறதா? அடித்தகடு போட இடமிருக்கிறதா? பக்கவாட்டில் இருந்தால், அல்லது தகடு மறைத்தால், தாராளமாகப் பூட்டுங்கள். நேராகக் கீழே பார்த்துக்கொண்டு மறைப்பு ஒன்றும் இல்லாமல் இருந்தால், தோட்டப் பாதையில் ஓடுகிற பைக்குக்கு வால்வு வேண்டாம். புரியில் புஷ் போட்டு, நல்ல போல்ட், ஒவ்வொரு தடவையும் புது வொஷர். அதுவே பல வருஷம் போகும்.

போல்ட் ஒரு குழிக்குள் பதிந்திருந்தாலும் கவனம். வால்வின் அறுகோண உடம்பு குழிக்குள் சுற்ற இடம் வேண்டும். இடமில்லையென்றால் நீட்டுத் துண்டு ஒன்றை நடுவில் போடச் சொல்வார்கள், அது இன்னும் கீழே தொங்கும். சில எஞ்சின்களில் வடிக்கிற மூடியே உள்ளே ஒரு ஸ்பிரிங்கையும் ஒயிலை வடிகட்டும் வலையையும் தாங்கிப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட மூடியின் இடத்தில் வால்வு போடவே கூடாது.

பூட்டுவது என்று முடிவானால் அளவு சரியாக வேண்டும். உங்கள் பைக்கின் மொடலை நீங்கள் சொல்லவில்லை. சொன்னாலும் நான் அளந்துதான் பார்க்கச் சொல்வேன். விட்டத்தை வேர்னியரில் அளங்கள், 12 மில்லிமீற்றர் போல்ட் பதினொன்று புள்ளி எட்டு, ஒன்பது என்று காட்டும். அடுத்து புரிக்குப் புரி இடைவெளி. ஆறு இடைவெளியை அடிமட்டத்தில் அளந்தால் 9 மில்லிமீற்றர் வந்தால் அது 1.5, ஏழரை வந்தால் 1.25. டிரெயின் போல்ட்டுகளில் 12க்கு 1.5, 14க்கு 1.5 என்பவை அடிக்கடி வரும். ஹார்ட்வெயார் கடையில் சாதாரண 12 மில்லி நட் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். அந்த நட்டின் இடைவெளி பெரும்பாலும் 1.75, இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், நீங்கள் போல்ட்டில்தான் குறை என்று நினைப்பீர்கள். வால்வின் புரி நீளத்தையும் பழைய போல்ட்டோடு ஒப்பிடுங்கள். ரொம்ப நீளமென்றால் உள்ளே எதிலாவது இடிக்கும், கட்டையென்றால் பிடிப்புப் போதாது. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு யாரையாவது அனுப்பி வாங்குவதானால் பழைய போல்ட்டையே கையில் கொடுத்தனுப்புங்கள், சைஸை வாயால் சொல்லிவிட வேண்டாம்.

பூட்டும் நாள். மலையில் சமதளம் கிடைப்பதே பாதி வேலை, சரிவில் நிறுத்தினால் ஒயில் ஒரு மூலையில் தேங்கும். எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் ஒயில் பாணிபோலத் தடித்துக் கிடக்கும், சூடாக்காமல் திறந்தால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். போல்ட்டைக் கழற்றிப் பத்து நிமிஷம் வடியவிடுங்கள். வொஷர் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். பழைய வொஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம், அதன்மேல் இன்னொன்றைப் போட்டுவிட்டு ஒழுகுது ஒழுகுது என்று திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வால்வை வெறும் கையால் ஏற்றுங்கள். நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். தடங்கினால் கழற்றித் திரும்பத் தொடங்குங்கள், ஸ்பேனரால் சமாதானம் பேசாதீர்கள். குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்கு ஒயில் வலையில் போய் அடைக்கும். இறுக்கம் வால்வோடு வரும் தாளில் எழுதியிருக்கும் அளவு. பித்தளை, அலுமினிய வால்வுகளுக்கு நடுவில் துளை இருப்பதால் இரும்புப் போல்ட்டின் அளவை அப்படியே போடக் கூடாது. லீவர் வகையானால், மூடிய நிலையில் லீவர் முன்பக்கம் பார்க்கக் கூடாது, கல் அங்கிருந்துதான் வரும். பின்பக்கம் திரும்பி நிற்பதற்காக மேலதிகமாக ஒரு கால் சுற்று முறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. வொஷரின் தடிப்பை மாற்றித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். லீவரில் ஒரு கிளிப்போ கேபிள் டையோ போடுங்கள்.

ஒயில் ஊற்றும்போது பைக்குக்கான ஜாசோ எம்ஏ (JASO MA) ரகத்தையே ஊற்றுங்கள். கிளட்ச் அதே ஒயிலில்தான் ஊறுகிறது, சில கார் ஒயில்கள் அதை வழுக்கவைக்கும், ஏற்றத்தில் உடனே தெரியும். மூன்று நிமிஷம் ஓடவிட்டு, வால்வைச் சுற்றி வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். பிறகு வால்விலும் எஞ்சினிலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு. வால்வு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஐந்து கிலோமீற்றர் ஓடி ஒரு தரம், நூறு கிலோமீற்றரில் ஒரு தரம், அப்புறம் சங்கிலிக்கு ஒயில் போடும்போதெல்லாம் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். பழைய போல்ட்டையும் ஒரு புது வொஷரையும் சீட்டுக்கு அடியில் சுருட்டி வையுங்கள்.

இன்னொன்று. வால்வின் கழுத்து எஞ்சினின் அடித்தரையைவிட உள்ளே சற்று உயர்ந்து நின்றால், இரண்டு கரண்டி ஒயிலும் அதிலுள்ள அழுக்கும் எப்போதும் வெளியே வராது. காந்தம் வைத்த போல்ட் இருந்த பைக்கென்றால் இரும்புத்தூளைப் பிடித்துவைக்க இனி ஒன்றுமில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது வால்வையே கழற்றி முழுதாக வடிக்க வேண்டும்.

வடித்த ஒயிலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கானில், அதாவது வடிகாலில், ஊற்றாதீர்கள். பீலிக்கரைக்குப் பக்கத்தில் வைத்து ஒயில் மாற்றவே மாற்றாதீர்கள், கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீர். உங்கள் பக்கத்துக் கான் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் ஊற்றியது காசல்ரீ, மவுசாக்கலைக் குளங்கள் வழியாகக் களனிக்கு இறங்கும், கொழும்பு குடிப்பது அந்த ஆற்றைத்தான். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். குழாயோடு வரும் வால்வு இதற்கு உண்மையிலேயே வசதி, அதை மறுக்க மாட்டேன்.

வால்வுக்கு இப்போதே ஓடர் போட்டுவிடாதீர்கள் தம்பி. முதலில் லேத் பாஸ் அந்தத் துளையைப் பார்க்கட்டும். புஷ் பதித்தால் பழைய சைஸ் அப்படியே இருக்கும். பெரிய போல்ட்டுக்கு வெட்டினால் நீங்கள் பார்த்துவைத்திருக்கிற வால்வு அதில் ஏறாது.